சின்னவளுக்கு நான் போட்ட பன்னிரண்டு சதவீதம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சளி இருமல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, துவைத்த சட்டையோடு இருப்பாய் என்று நம்புகிறேன், மூன்றில் இரண்டு உண்மையாக இருந்தாலே எனக்குப் போதும். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி போயிற்று, சின்னவளுக்குப் பரீட்சைப் பயம் போயிற்று, எனக்கு மானம் போயிற்று. முதல் இரண்டும் நல்ல சேதி, அவை காத்திருக்கும். மூன்றாவதை உன் அம்மா போனில் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் சொன்னால் பாதியில் சிரிப்பு வந்து போனை வைத்துவிடுவாள், உனக்கு உன் அப்பன் முட்டாள் என்பது மட்டும் விளங்கும், எந்த வகை முட்டாள் என்பது விளங்காது. விஷயம் இதுதான். உன் தங்கைக்கு அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை, விபத்தில் அடிபட்ட வண்டிகளுக்கு எழுதும் சேத மதிப்பீட்டுப் படிவத்தில் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சிரித்து முடித்தாயா. இப்போது காரணத்தைக் கேள், காரணம் நீதான். போன மாதம் போன் பண்ணினபோது நீ என்ன சொன்னாய், உன் கூட இருந்த பையன் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டான், அவனுடைய அறை காலியாக இருக்கிறது, வீட்டுக்காரர் அடுத்த மாதக் கடைசிக்குள் வேறு ஆள் வருகிறானா இல்லையா என்று கேட்கிறார், சின்னவளுக்குப் பெரிய இடத்தில் கிடைக்காவிட்டால் இங்கே என்னோடு தங்கி இங்குள்ள காலேஜில் படிக்கட்டும், அவளுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறதென்று பாசத்தைக் கலக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கப்பா என்றாய். நல்ல கேள்விதான். ஆனால் பாசத்தைக் கலக்காமல் எழுத எனக்கு உலகத்தில் ஒரே ஒரு காகிதத்தில்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாக நொறுங்கிய கதவையும் நசுங்கிய மூக்கையும் பார்த்து, பக்கத்தில் வண்டிக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே, முன்பக்க பம்பர் மாற்ற வேண்டும் என்று முகம் மாறாமல் எழுதின சர்வேயர் கை இது. வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன், 'நம் சின்னவள்' என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் நாலு வரி எழுதினால் நாலும் புகழ்ச்சியாக இருந்தது. கிழித்துப் போட்டேன். அன்றைக்கு மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் மறுநாள் போக வேண்டிய படிவங்கள் கட்டாக இருந்தன. நிரப்பாதது ஒன்றை உருவினேன். அவ்வளவுதான், கை தானாக ஓடியது.

இதற்கு முன்னால் நான் வெறும் கையோடு உட்காரவில்லை, நிபுணர் கருத்தும் வாங்கி வைத்திருந்தேன். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒருவர் புதிதாகக் கடை போட்டிருக்கிறார், முன்பு துணி துவைக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறார். பெயர் எனக்கு ஞாபகமில்லை, எல்லோரும் சதவீதம் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது இடம், போன வருஷம் விண்ணப்பம் போட்டது இரண்டாயிரத்து எண்ணூறு பேர் என்று முதலிலேயே சொல்லி என் வாயை அடைத்தார். இவள் மார்க்கை ஒவ்வொன்றாகத் தட்டினார். இயற்பியல் தொண்ணூற்றேழு, தலையை ஆட்டினார். கணக்கு தொண்ணூற்று நாலு, ஆட்டினார். வேதியியல் எண்பத்தொன்று. அப்போது அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து அடிச்சட்டம் வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது என் முகம் அப்படித்தான் போகும், அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதினெட்டு சதவீதம் என்றார். விண்ணப்பத்தில் நீங்களாகவே கவனித்த ஒரு நிகழ்வைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள் சார், என்ன எழுதட்டும் என்று சின்னவள் கேட்டாள். கருந்துளையைப் பற்றி எழுதும்மா, பெரிய விஷயமாக இருக்கும் என்றார். கருந்துளையை நான் எங்கே சார் கவனிச்சேன் என்று இவள் கேட்டாள். அவர் அடுத்தவரை வரச் சொல்லிவிட்டார்.

இந்தப் பதினெட்டை நான் அப்படியே எழுதியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உனக்குத் தெரியும், எந்த எண்ணைக் கண்டாலும் என் கை தேய்மானம் கழிக்கும். உன் அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்து, ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் நல்லாயிருக்குன்னு சொன்னாங்க என்றபோது ஏழு பேர் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டவன் நான். பதினேழு வயசு, மூன்றில் ஒரு பங்கு தேய்மானம் என்று பழக்க தோஷத்தில் கழித்தேன். பன்னிரண்டு வந்தது. பெற்ற பெண்ணுக்குத் தேய்மானம் கழித்த முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். மற்றக் கட்டங்களையும் விடவில்லை. பொருளின் விவரம்: பெண், ஒன்று. வெளிப்புற நிலை: நன்று, வலது கை விரல்களில் மைக்கறை. முன்பு ஏற்பட்ட சேதம்: வேதியியல் செய்முறைத் தேர்வில் குடுவை உடைத்தது, அதனால் எண்பத்தொன்று. சேதத்துக்குப் பொறுப்பு யாருடையது: தகப்பன் வழி அவசர புத்தி. உடனிணைப்புகள்: சதவீதம் சார் சொன்னபடி முதலில் எழுதிப்பார்த்த கருந்துளைக் கட்டுரை, நன்றாக இருக்கிறது, யாருக்கும் புரியாது. ஒன்பதாவது கட்டத்தில் பொருளின் மொத்த மதிப்பு என்று கேட்டிருந்தது. அங்கே மட்டும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தேன், 'மதிப்பிட இயலாது' என்று எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்குப் போனேன். தேறும் வாய்ப்பு: பன்னிரண்டு சதவீதம். பரிந்துரை: முயற்சி செய்யலாம், பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பிறகு முத்திரை. உனக்கு அனுப்பத்தான் எழுதினேன், அதற்கு முத்திரை எதற்கு என்று கேட்காதே, முத்திரை பக்கத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா சாப்பிட மேசையைக் காலி பண்ணுங்க என்றாள், நானும் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தட்டி அடுக்கி உறையில் போட்டேன். திங்கட்கிழமை காலை ஆபீஸ் தபால் பையில் உன் தங்கை ஏறிவிட்டாள், மேலே ஒரு லாரியும் கீழே ஒரு பால் வண்டியுமாக.

உனக்கான மதிப்பீட்டைக் காணோமே என்று இரண்டு நாள் தேடினேன், பழைய பேப்பரோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். பதினோராம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டு போன் அடித்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகத்தில் ஒரு அம்மையார் இருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை, இருபது வருஷமாக என் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டே எனக்கு அறிமுகமானவர். போனை எடுத்தது சின்னவள். அந்த அம்மையார், அப்பா அனுப்பிய கட்டில் ஒரு பொருளுக்குப் புகைப்படம் இல்லை, அடிபட்ட பாகத்தை மூன்று பக்கமிருந்தும் எடுத்து அனுப்பச் சொல்லு என்றாராம். இவள் காகிதம் பேனா எடுத்துக்கொண்டு, எந்த வண்டி மேடம் என்று கேட்டாளாம், என் செயலாளர் மாதிரி. வண்டியின் வகை எழுதவில்லை, பெண் என்று போட்டிருக்கிறது, ஏதாவது புது மாடலா என்று அவர் கேட்டாராம். தயாரித்த வருஷத்தைச் சொன்னாராம், அது இவள் பிறந்த வருஷம். விரலில் மைக்கறை என்றாராம், இவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாளாம். இவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது, ஆனால் நெஞ்சழுத்தம் பிடித்தவள் அல்லவா, போனை வைக்காமல், தேறும் வாய்ப்பு எவ்வளவு போட்டிருக்கு மேடம் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றார் அவர். பொருள் இப்போது எங்கே நிற்கிறது, ஆள் அனுப்பினால் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இங்கேதான் மேடம், போன் பக்கத்துல நிற்குது என்று சொல்லிவிட்டு வைத்தாளாம். நான் துண்டோடு வெளியே வந்தபோது உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் சிரிக்கவில்லை.

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன் பெரியவனே, நம் வீட்டில் சத்தத்துக்கா பஞ்சம். இவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தினமும் சாப்பிடும்போது, பானெட்டைத் திறக்காமல் ரிப்போர்ட் எழுதுகிறவன் சர்வேயரே இல்லை, வெளியே பெயின்டைப் பார்த்து எழுதுகிறவன் ஏமாற்றுக்காரன் என்று எங்களுக்கு வகுப்பு எடுப்பீங்களே, எனக்கு மட்டும் பானெட்டைத் திறக்காமலே எழுதிட்டீங்களாப்பா என்றாள். மார்க்கைப் பார்த்தேன், சதவீதம் சார் முகத்தைப் பார்த்தேன், மைக்கறையைக்கூடப் பார்த்தேன், இந்தப் பெண் இரண்டு வருஷமாக அறைக்குள் உட்கார்ந்து என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள் கதவைத் தட்டிக் கேட்டதில்லை. படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மூன்று நாள் என்னோடு அளந்துதான் பேசினாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பதினைந்தாம் தேதி. செவ்வாய்க்கிழமை அனுப்பினியாம்மா என்று கேட்டேன், அனுப்பினா என்ன, அனுப்பாட்டா என்ன, பன்னிரண்டுதானே என்றாள். புதன்கிழமையும் அதே பதில். உன் அம்மா இருக்கிறாளே, அவள் தினமும் பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதவர்களையெல்லாம் வரிசையில் உட்கார வைத்துப் பழகினவள், ரொம்ப நிதானமாகச் சொன்னாள், வாயைப் பிடுங்காதீங்க, தானா திறக்கும், அதுவரைக்கும் நீங்க உங்க வாயை மூடிக்கிட்டு இருங்க என்று. எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பெண் என் ஒரு காகிதத்தால் விண்ணப்பம் போடாமலே விட்டுவிட்டால், நாற்பது வயசில் ஒரு நாள் எங்கப்பா எனக்குப் பன்னிரண்டு போட்டார் என்று யாரிடமோ சொல்வாளே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் அறை வாசலில் போய் நின்று, மறு ஆய்வுக்கு வந்திருக்கேன் என்றேன். எங்கள் தொழிலில் அது உண்டு, முதல் மதிப்பீட்டில் ஆட்சேபணை இருந்தால் சர்வேயர் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் கையைக் கட்டிக்கொண்டு. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், சட்டை மாத்தாதீங்க, பையையும் கையில வச்சுக்கங்க, கீழே போங்க, படிக்கட்டு விளக்கைப் போட்டுட்டு எப்பவும் வர்ற மாதிரி ஏறி வாங்க என்றாள். இந்தக் கட்டடத்தை நீ மறந்திருக்க மாட்டாய், ஜன்னல் இல்லாத படிக்கட்டு, நான்கு மாடி, கீழே பித்தானை அழுத்தினால் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைந்துவிடும். நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்கு நான் எழுதவில்லை, வெட்கம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் நம் கதவுக்கு வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அப்புறம் தினமும் அணைந்தது. முதலில் கடைசி இரண்டு படி, பிறகு நாலு, பிறகு எட்டு, கடைசியில் கதவையே தடவிக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு வயசாகிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டினேன், காலையில் நடக்க ஆரம்பித்தேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், சாப்பிடும்போது தினமும் புலம்பினேன். போன மூன்று வாரமாகத்தான் மறுபடி வெளிச்சத்திலேயே கதவைத் தொட ஆரம்பித்தேன். பார்த்தாயா நடைப்பயிற்சியின் பலனை என்று உன் அம்மாவிடம் காலைத் தூக்கிக் காட்டினேன்.

வியாழக்கிழமையும் வெளிச்சத்திலேயே ஏறி வந்து, மூச்சு வாங்காத மாதிரி நடித்துக்கொண்டு நின்றேன். சின்னவள் கையில் கடிகாரத்தோடு கதவில் சாய்ந்திருந்தாள். அறுபத்தைந்து, சரியா இருக்கு என்று சொல்லி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, திறந்த கதவின் வெளிச்சம் விழுந்த மேல்படியில் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். நீளவாட்டில் கோடு போட்ட நோட்டு, நானூற்றுப் பன்னிரண்டு வரி. தேதி, அன்றைய வெப்பம், விளக்கு எரிந்த நொடி, கடைசியில் 'அ' என்று ஒரு கட்டம். 'அ' என்றால் என்ன என்று கேட்டேன். அப்பா என்றாள். நான் புலம்ப ஆரம்பித்த வாரத்திலிருந்து, அப்பா மெதுவாகிறாரா விளக்கு அவசரப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள, கதவுக்குப் பின்னால் நின்று என் செருப்புச் சத்தத்தை வைத்து என்னை அளந்திருக்கிறாள். ஆரம்பத்தில் விளக்கு அறுபத்தோரு நொடி எரிந்தது, போன மாதம் ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டது. குளிர்ந்த நாளில் இரண்டு நொடி இன்னும் குறைவு. அந்தப் பித்தான் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்று ஒரு சின்னக் குப்பி இருக்கிறதாம், மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும், அது தீர்ந்தால் விளக்கு அணையும், குளிரில் அது கொஞ்சமாகத்தான் பிடிக்கும், வயசானால் உள்ளே காய்ந்துபோய் இன்னும் குறைவாகப் பிடிக்கும். இதை ஊகித்து, அந்தக் குப்பியை மாற்றினால் அறுபத்தேழு நொடி எரியும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, கட்டடத்து எலெக்ட்ரீஷியனை நச்சரித்து மூன்று வாரத்துக்கு முன்னால் மாற்ற வைத்திருக்கிறாள். அறுபத்தாறரை எரிந்தது. அரை நொடி எங்கே போச்சு என்று இன்னும் அவளுக்கு ஆறவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க வேகமா நடப்பீங்க, அளவு கெட்டுப்போகும் என்றாள். ஆக என் நடைப்பயிற்சியின் பலன் ஒரு சின்னக் குப்பி. அப்படியானால் நான் தளரவே இல்லையே என்று சந்தோஷப்பட்டேன். அவள் நோட்டைப் புரட்டி, ஆரம்பத்துல நீங்க அறுபத்தொண்ணு, இப்போ அறுபத்தஞ்சு, ஒன்பது நொடி விளக்கோட தப்பு, நாலு நொடி உங்களோடதுதான்பா என்றாள். பாசத்தைக் கலக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்வது யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து நான் ஒரு சொற்பொழிவு செய்தேன், கீழே யாரோ போட்ட விளக்கு இரண்டு தடவை எரிந்து அணைந்தது, நான் நிறுத்தவில்லை. கருந்துளையைத் தூக்கிப் போடு, இதை எழுது, நீயாகவே கவனித்தது என்றால் இதுதான், மார்க் உன்னை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும், உள்ளே கூட்டிப்போவது இந்த நோட்டுதான், இருபது நிமிஷம் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தால் அவர்களே உன்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள், பன்னிரண்டை நான் வாபஸ் வாங்குகிறேன் என்றெல்லாம் பேசினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், நடுவில் ஒருமுறை சிரிப்பை அடக்கின மாதிரி இருந்தது, மூன்று நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போ எத்தனை போடுவீங்க என்று கேட்டாள். நாற்பது என்றேன். தேய்மானம் கழிச்சா, கழிக்காமலா என்றாள். பிறகு அவளே சொன்னாள், சதவீதமெல்லாம் நானூறு தடவை அளந்த பிறகு சொல்றதுப்பா, நான் ஒருத்தி, ஒரு தடவைதான் போறேன், கிடைக்கும் இல்லாட்டி கிடைக்காது என்று. உள்ளே போனாள். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, அனுப்பியாச்சுப்பா என்றாள். நான் உன் அம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன், மறு ஆய்வு என்றால் இப்படிச் செய்ய வேண்டும் என்கிற மாதிரி. அவள் தட்டை எடுத்து வைத்தாள். மறுநாள் ஆபீஸிலும் ரெண்டு பேருக்குச் சொன்னேன், சரி, நாலு பேருக்கு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், அறையை வைத்துக்கொள்வதா விடுவதா. ஆற அமர யோசித்துத்தான் எழுதுகிறேன். எண்பத்தொன்று எண்பத்தொன்றுதான், அதை நோட்டு அழிக்காது. இரண்டாயிரத்து எண்ணூறு பேரில் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை நோட்டு இருக்கிறதோ, எத்தனை தகப்பன்கள் எத்தனை படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் தேர்ந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் இவளுக்குப் பாதிக்குப் பாதி என்று சொல்வேன், கூப்பிடுவார்களா என்பதற்கு என்னிடம் படிவம் இல்லை. அதனால் அறையை விடாதே, ஆனால் கட்டில் வாங்காதே. வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் தவணை கேள், உன் தங்கை வரலாம், வராமலும் போகலாம், வந்தால் உன் வீட்டுப் படிக்கட்டு விளக்கையும் அளப்பாள் என்று எச்சரித்துவை. கிடைக்காமல் உன்னிடம் வந்தால் தோற்று வந்தவள் மாதிரி நடத்தாதே, ஒரு வாரம் எதையும் கேட்காதே, இரண்டாவது வாரம் ஏதாவது ஒரு பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்று சும்மா புலம்பு, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். தலைமை அலுவலகத்து அம்மையாரிடம் நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் சிரிப்பைக் கேட்டேன். ஆனாலும் சட்டம் சட்டம்தானாம், படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், ஒன்பதாவது கட்டத்தில் 'மதிப்பிட இயலாது' என்பது சர்வேயருக்கு ஏற்புடைய பதில் அல்ல என்று சிவப்பு மையில் எழுதி. சின்னவள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கித் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா, அம்மா தினமும் கேட்கிறாள், அவள் வேலை பார்க்கிற இடத்தில் உன்னை மாதிரி அப்புறம் பார்க்கலாம் என்றவர்கள்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறார்களாம். கப்பல் பட்டறையில் இரும்பு மேல் ஏறும்போது இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள், சும்மா ஒரு நிமிஷ வேலைதானே என்று ஏறினவர்களின் படிவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது நீயாகவே சமைத்துச் சாப்பிடு, முட்டை வேகவைப்பது சமையலில் சேராது என்று அம்மா சொல்லச் சொன்னாள், சேரும் என்று நான் நினைக்கிறேன். தங்கைக்குத் தனியாக ஒரு போன் பண்ணு, என்ன வாய்ப்பு என்று கேட்காதே, அந்த அரை நொடி எங்கே போயிற்று என்று கேள், ஒரு மணி நேரம் பேசுவாள். விண்ணப்ப எண்ணை வைத்து நீயும் அங்கிருந்தே முடிவைப் பார்க்கலாம் என்றாயே, ரசீதின் நகல் கேட்டிருக்கிறேன், தந்தவுடன் இந்த உறையிலேயே வைக்கிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்புக்கு ஒன்றும் வராமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நீடூழி இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மாதக் கடைசிக்குள் வீட்டுக்காரரிடம் பேச மறக்காதே.

நாலு நொடி தளர்ந்துபோன, ஆனாலும் உன் மேல் என்றைக்கும் தேய்மானம் கழிக்காத,
அப்பா

பி.கு. சின்னவள் ரசீது நகலை இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டுரைத் தலைப்பு என்ற இடத்தில் 'எங்கள் மாடிப்படி விளக்கும் என் அப்பாவும்' என்று இருக்கிறது. விண்ணப்பம் பெறப்பட்ட தேதி என்ற இடத்தில் எட்டாம் தேதி, காலை ஏழு மணி பத்து நிமிஷம் என்று இருக்கிறது.